இறால் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

மன்னார்க் கரையில் இறாலும் நண்டும் இல்லாமல் ஒரு விருந்தும் நடக்காது. பேசாலையில் வலை இழுத்தாலும் வங்காலையில் வள்ளம் வந்தாலும் மத்தியானத்துக்குள் அந்த வாசம் குசினிக்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்கு மட்டும் இறால் கிரந்தி என்றால் சமைப்பவருக்கும் கஷ்டம், சாப்பிடாமல் இருப்பவருக்கும் மனவருத்தம். அவருக்காக முழு வீடும் கடல் சாப்பாட்டை விட வேண்டியதில்லை, அவரும் பயந்து பயந்து சாப்பிட வேண்டியதில்லை. காசும் நேரமும் மிச்சம் பிடிக்கிற சில வழிகள் இதோ, தோழிகளே.

1. குற்றவாளி எது என்று தெரிந்தால் வீண் பத்தியம் குறையும். இறால், நண்டு, சிங்க இறால் மூன்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு புரி சேர்த்து முறுக்கிய வள்ளக்கயிறு மாதிரி நீளமான அது, அக்டின் என்ற இழையின் மேல் படர்ந்து கிடந்து தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. கலத்துக்கு வடிவம் கொடுக்கிற குழியவன்கூட்டிலும் இதற்கு வேலை உண்டு. 1946இல் கேம்பிரிட்ஜில் கென்னத் பெய்லி இதைக் கண்டறிந்தபோது, இறால் கிரந்திக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

2. அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தவர்கள் நமக்குக் கிட்ட, பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் இருந்தவர்கள். பி.வி. சுப்பா ராவின் குழு, நம் கடலிலும் படுகிற வெள்ளை இறாலை எடுத்து, கொதித்த பிறகும் கெடாத ஒவ்வாமைப் புரதங்களை 1989இல் பிரித்துக் காட்டியது. அதில் முக்கியமானது ட்ரோபோமயோசின்தான் என்று கே.என். சாந்தியும் சுப்பா ராவும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 1993இல் உறுதிப்படுத்தினார்கள். "எங்கள் இறாலுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அது வெளிநாட்டு வருத்தம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

3. கிரந்தி வருகிற உடம்பு, இந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைச் செய்து வைத்துக்கொள்கிறது. 1966இல் அமெரிக்காவில் வேலைசெய்த ஜப்பானியரான இஷிசாகா தம்பதியர் கண்டுபிடித்தது இது. அடுத்த முறை இறால் உள்ளே போனதும் இது அதைப் பிடித்துக்கொள்ள, ஹிஸ்டமின் என்ற இரசாயனம் கொட்டுண்டு தடிப்பும் கடியும் வீக்கமும் வருகின்றன. உடம்பு இதைச் செய்து முடிக்கக் காலம் எடுக்கும். பெரிய ஆளான பிறகும் ஆரம்பிக்கலாம். ஆகவே "இவ்வளவு காலமும் சாப்பிட்டவள்தானே" என்று வாதாடாதீர்கள்.

4. "நல்லாக அவித்தால் ஒன்றும் செய்யாது" என்பதை நம்ப வேண்டாம். இந்தப் புரதம் சூட்டுக்கு அசையாது. பொரித்தாலும், சுட்டாலும், வெயிலில் காயவைத்தாலும் பெரும்பங்கு அப்படியே இருக்கும். மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் வெடுக்கைப் போக்கும், இதைப் போக்காது.

5. இறால் அவித்த தண்ணீரைச் சொதிக்கு எடுக்கிற சிக்கனமான கை உங்களுக்கு இருந்தால், அந்தச் சொதியைத் தனியாக வையுங்கள். புரதம் தண்ணீரில் நன்றாக இறங்கிவிடும். இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் கொடுப்பதும் இறாலைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

6. தாச்சியில் எண்ணெய் ஊற்றினால் முதலில் உழுந்து வடை, கிழங்கு, மீன்; கடைசியில் இறால். இந்த ஒழுங்கைப் பழகினால் எண்ணெயும் வீணாகாது, இரண்டாம் தாச்சியும் தேவையில்லை. இறால் பொரித்த எண்ணெயை ஆறவிட்டு, அடையாளம் போட்ட போத்தலில் ஊற்றி, அடுத்த இறால் சமையலுக்கே எடுங்கள்.

7. வெட்டுப் பலகை இரண்டு வைத்திருங்கள். புதிதாக வாங்கத் தேவையில்லை. பழைய பலகையின் ஓரத்தில் கம்பியைச் சூடாக்கி ஒரு கோடு சுட்டுவிட்டால் அது இறால் பலகை. நிறம் பூசினால் கழன்று கறிக்குள் போய்விடும், சுட்ட கோடு போகாது.

8. கத்தி, சட்டி, கை எல்லாவற்றுக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் சரி. வெறும் தண்ணீரில் அலசுவதும் கைக்குத் தடவும் கிருமிநீக்கித் திரவமும் புரதத்தை எடுக்காது. அகப்பைக் காம்பு செருகியிருக்கிற இடுக்கையும் துருவலையின் பல்லையும் பழைய பல்துலக்கியால் ஒரு தேய்ப்பு தேயுங்கள்.

9. குசினித் துடைப்புத் துணிதான் எல்லோரும் மறக்கிற இடம். இறால் உரித்த மேசையைத் துடைத்த துணி பிறகு பிள்ளையின் கோப்பையையும் துடைக்கும். பழைய சாரத்தைக் கிழித்துச் சிறு துண்டுகளாக வைத்துக்கொண்டு, இறால் நாளில் ஒன்றை எடுத்துத் துடைத்தவுடன் எறிந்துவிடுங்கள்.

10. இறால் கொதிக்கும்போது எழும் ஆவியிலும் இந்தப் புரதம் ஏறி வரும். சிலருக்கு அந்த ஆவி பட்டாலே மூக்கு ஒழுகி, இழுப்பு வந்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் வெளிக்குசினியில், காற்றுப் போகும் பக்கம் பார்த்து அடுப்பை வையுங்கள். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கதவைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

11. காய்ந்த கூனி இறாலை உரலில் இடிக்கும்போது பறக்கிற தூசு, ஆவியைவிட மோசம். இடிக்கிற வேலையை அவர் வெளியே போன நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது தண்ணீர் தெளித்து அம்மியில் அரைத்தால் தூசே எழும்பாது, சம்பலும் நல்லாக வரும்.

12. நெத்தலிக் கருவாடு வாங்கினால் சுளகில் பரப்பி, வெயிலுக்குப் பிடித்து ஒரு பார்வை பாருங்கள். வெள்ளி மினுக்கத்துக்கு நடுவே இளஞ்சிவப்பாய் வளைந்து கிடப்பவை கூனிகள். கறுப்புக் கண் இரண்டும் குண்டூசி முனைபோல் தெரியும். ஒரு வலையில் இரண்டும் சேர்ந்து படுவதால் எவ்வளவு நல்ல கருவாட்டிலும் சில இருக்கும். நெத்தலியின் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து, இரண்டு தண்ணீரில் கழுவி எடுங்கள். மிக இலேசான அளவுக்கே பொங்குகிற உடம்பென்றால் கலப்பில்லாத பெரிய மீன் கருவாடே மேல்.

13. பச்சை மீன் வாங்கும்போது இறாலோடு ஒரே கூடையில், ஒரே ஐஸில் கிடந்ததா என்று பாருங்கள். இறாலில் உருகி வடிந்த தண்ணீர் மீனில் ஊறியிருக்கும். முழு மீனாக வாங்கி வீட்டில் கழுவி வெட்டினால் மலிவு, பாதுகாப்பும் கூட.

14. இறால் ஆகாதவருக்கு மீனும் ஆகாது என்று பலர் நினைத்து, வீணாகக் கோழிக்குக் காசு கொட்டுகிறார்கள். மீன் ஒவ்வாமையில் முக்கியமான புரதம் பார்வல்புமின். அது வேறு ஆள். பாரையும் விளைமீனும் அறக்குளாவும் இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்றால் தொடர்ந்து சாப்பிடலாம். மீனிலும் கோழியிலும் மாட்டிலும் ட்ரோபோமயோசின் உண்டு, ஆனால் இறாலினதிலிருந்து போதிய அளவு வேறுபட்டது, அதோடு நம் உடம்பில் உள்ளதை ஒத்தது. அதனால் பொதுவாக வம்புக்கு வராது.

15. கணவாய், மட்டி, சிப்பி ஆகியவற்றில் அவசரப்பட வேண்டாம். இவற்றின் ட்ரோபோமயோசின் இறாலினதை ஓரளவு ஒத்திருப்பதால் சிலருக்குப் பொங்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. முன்பு சாப்பிட்டுப் பிரச்சினை இல்லாதவரா என்று யோசித்து, டொக்டரிடம் கேட்ட பிறகே சட்டியில் போடுங்கள்.

16. மாசி என்பது சூரை இனத்து மீனைக் காயவைத்தது, இறால் இல்லை. ஆகவே சீனிச் சம்பலையும் கட்டைச் சம்பலையும் மாசி போட்டே செய்யலாம். ஆனால் பொடியாக இடித்து விற்கிற மாசியில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பது இடித்தவருக்குத்தான் தெரியும். முழுக் கட்டியாக வாங்கி வீட்டில் இடியுங்கள்.

17. "இறால் கிரந்தி உள்ளவருக்கு அயடின் ஆகாது" என்ற பேச்சைக் கேட்டு அயடின் உப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கிரந்திக்குக் காரணம் புரதம். அயடினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அயடின் உப்பை நிறுத்தாதீர்கள். ஸ்கானுக்கு அயடின் மருந்து ஏற்றவேண்டி வந்தாலும் இறால் பெயரைச் சொல்லி மறுக்காமல், இன்ன ஒவ்வாமை இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள்.

18. சூரை, கும்பளா போன்ற மீன் சாப்பிட்டு முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்தால் உடனே "மீன் அலர்ஜி" என்று முடிவுகட்டாதீர்கள். மீன் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதற்குள்ளேயே ஹிஸ்டமினைச் செய்துவிடும். பிறகு எவ்வளவு அவித்தாலும் அது போகாது. ஒரே மீனைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வந்ததா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் பிழை அந்த மீனில், உங்கள் உடம்பில் இல்லை. ஆயுளுக்கும் மீனை விடத் தேவையில்லை. ஆனால் மூச்சு முட்டினால் ஆராய்ச்சியை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

19. அந்தத் தொல்லை வராமலிருக்க, சந்தைக்குப் போகும்போதே போத்தலில் உறையவைத்த தண்ணீரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மீனை அதன் மேல் வைத்துக் கொண்டுவந்தால் எரிக்கலம்பிட்டி வெயிலிலும் வீடு வரும்வரை குளிர் இருக்கும். வீட்டில் அதே போத்தல் திரும்பவும் உறைபெட்டிக்குள். ஐஸ் வாங்கும் காசு மிச்சம்.

20. டொக்டரிடம் போகுமுன் ஒரு கொப்பித் தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது. இறால் கிரந்தி பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வரும். அடுத்த நாள் வந்த கடிக்கு வேறு காரணம் இருக்கலாம். தடிப்பைப் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அது மறைந்திருக்கும்.

21. தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனைக்குத் திகதி கொடுத்தால், பிரிட்டோன் போன்ற கடி நிறுத்தும் குளிசையை எப்போது நிறுத்துவது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வழக்கமாக 5 முதல் 7 நாளுக்கு முன். நிறுத்தாமல் போனால் தோல் ஒன்றும் காட்டாது, போன பயணம் வீண். இரத்தத்தில் ஐஜிஈ பார்ப்பதற்கு அந்தக் குளிசை தடையில்லை. இழுப்புக்கு எடுக்கிற பம்பை மாத்திரம் யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

22. கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நோயெதிர்ப்பியல் பிரிவு உண்டு. மன்னாரிலிருந்து தூரம் அதிகம். ஆகவே முதலில் இங்குள்ள பெரியாஸ்பத்திரி வைத்தியரைக் கண்டு, துண்டு எழுதி வாங்கி, நாளும் நேரமும் போனில் உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். பழைய துண்டுகள், மருந்துப் பெட்டிகள், அந்தக் கொப்பித் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டால் இரண்டாம் பயணம் தேவைப்படாது.

23. பரிசோதனையில் "இறாலுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறது" என்று வந்தால் மட்டும் கிரந்தி என்று ஆகிவிடாது. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிக்கும் கரப்பானுக்கும் ட்ரோபோமயோசின் உண்டு. அது இறாலினதை ஏறத்தாழ 80 வீதம் ஒத்தது. தூசி ஒவ்வாமை உள்ள பிள்ளையின் இரத்தத்தில் இறால் சோதனையும் தூக்கிக் காட்டலாம். அந்தப் பிள்ளை நேற்றுவரை சந்தோஷமாக இறால் சாப்பிட்டது என்றால், தாளைப் பார்த்து நிறுத்தாமல் வைத்தியரிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

24. இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. மத ஒழுக்கத்தால் ஓடுள்ள கடலுணவைத் தொடவே தொடாத யூதர்கள் சிலரின் இரத்தத்தில் இறால் புரதத்துக்கு எதிரான ஐஜிஈ இருந்ததை 2003இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவர்களுக்குத் தூசி உண்ணி ஒவ்வாமை இருந்தது. பிறபொருளெதிரி அந்த வழியால் வந்தது. வீட்டைத் தூசி இல்லாமல் வைத்திருப்பதற்கு இது இன்னொரு நியாயம்.

25. தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். தலையணையை நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டு, வீட்டுக்குள் எடுக்குமுன் வெளியிலேயே தட்டுங்கள். உண்ணிக்கு ஈரப்பதம் வேண்டும். மன்னார் வெயில் அதற்குச் சத்துரு, நமக்குச் செலவில்லாத மருந்து.

26. கரப்பானுக்கு மருந்தடிக்கக் காசு கொடுக்குமுன், இரவில் தொட்டியைத் துடைத்துக் காயவிட்டு, குப்பை வாளியை மூடிப் பாருங்கள். தண்ணீர் கிடைக்காத குசினியில் அது தங்காது. செத்த கரப்பானையும் அதன் எச்சத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த தும்புத்தடியால் கூட்டினால் தூளாகப் பறந்து மூக்குக்குள் போகும்.

27. உணவில் இறால் கலந்திருக்கிறதா என்று ஆய்வுகூடங்கள் பார்ப்பதும் பிறபொருளெதிரியால்தான். உடம்பு செய்வது நமக்குத் தொல்லை, ஆய்வுகூடம் செய்வது நமக்குக் காவல். ஒரு தட்டில் ட்ரோபோமயோசினைப் பிடிக்கிற பிறபொருளெதிரியை ஒட்டி, அரைத்த உணவை ஊற்றி, கழுவி, நிறம் கொடுக்கிற இரண்டாவது பிறபொருளெதிரியை விடுவார்கள். நிறம் ஏற ஏறப் புரதம் கூட என்று அர்த்தம். 1971இல் சுவீடனில் பிறந்த முறை இது. கர்ப்பம் பார்க்கிற பட்டியும் பிறபொருளெதிரியை வைத்தே கோடு காட்டுகிறது.

28. ஒரே இடத்தை மட்டும் பிடிக்கிற பிறபொருளெதிரியை வேண்டிய அளவு செய்யும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் காட்டினார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு. சுண்டெலியின் நோயெதிர்ப்புக் கலத்தையும் ஓயாமல் பெருகும் புற்றுக் கலத்தையும் ஒன்றாக்கிச் செய்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், இறால் உரிக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள். பாடமும் மனதில் நிற்கும், இறாலும் உரிந்து முடியும்.

29. இதேபோல் பிறபொருளெதிரியால் உணவைச் சோதிக்கிற பட்டிகளை வீட்டுக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தேவையில்லை. பூச்சிகளின் ட்ரோபோமயோசினும் இறாலினதை ஒத்தது என்பதால் பூச்சி விழுந்த அரிசிகூடச் சில பட்டியைக் குழப்பக்கூடும். ஒரு கரண்டியில் இல்லாதது சட்டியின் அடியில் இருக்கலாம். அந்தக் காசுக்கு இன்னொரு சட்டி வாங்குங்கள்.

30. லண்டன் பெட்டி, கனடா பெட்டி, அமெரிக்காப் பெட்டி வந்தால் பக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இறால் இனத்தையும் கணவாய், மட்டி இனத்தையும் இரண்டு வகையாகக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இறால், நண்டு இனம் மட்டுமே கட்டாயம். கணவாய் ஆகாதவர்கள் அமெரிக்கப் பக்கெட்டில் சேர்மானப் பட்டியல் முழுவதையும் வாசிக்க வேண்டும்.

31. அந்தப் பெட்டிகளில் வரும் சத்துக் குளிசைகளையும் பாருங்கள். கிரில் எண்ணெய் என்று இருந்தால் கிரில் இறால் இனம், வேண்டாம். சாதாரண மீன் எண்ணெய் வேறு. முழங்கால் நோவுக்கு அனுப்புகிற குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. புரதம் இருப்பது தசையில் என்பதால் அது அநேகமாகத் தொல்லை தராது, என்றாலும் வைத்தியரைக் கேட்டுவிட்டு விழுங்குங்கள்.

32. கடையில் கொத்து ரொட்டி வாங்கினால் முட்டைக் கொத்தோ கோழிக் கொத்தோ, அடிக்கிற தட்டு ஒன்றுதான். கூட்டம் வருமுன் பின்னேரம் முதல் கொத்தாகப் போய், தட்டைக் கழுவி அடித்துத் தரச் சொல்லுங்கள். தெரிந்த கடைக்காரர் மறுக்க மாட்டார். பிரைட் ரைஸில் சிப்பிச் சோஸ் ஊற்றுகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

33. கோயில் பெருநாள், கந்தூரி, கலியாண வீடுகளில் சமைப்பவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் ஒருவருக்கான சோற்றை முதலில் எடுத்து மூடி வைப்பார்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் அகப்பை எல்லாக் கறிக்குள்ளும் போய் வந்திருக்கும். வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் கறி கொண்டுபோவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

34. சிலருக்கு இறால் சாப்பிட்டாலும் ஒன்றும் இல்லை, ஓடினாலும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு உடனே பாரமான வேலை செய்தால் மட்டும் உடம்பு பொங்கும். கரைவலை இழுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலை இழுக்குமுன் கஞ்சியும் மீனும், இழுத்து முடித்து ஆறிய பிறகு இறாலும் நண்டும் என்று மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், வைத்தியருக்கும் இதைச் சொல்லுங்கள். மதுவும், நோவுக்குப் போடுகிற சில குளிசைகளும் இதே மாதிரித் தூண்டிவிடும்.

35. நண்டு அவித்துச் சதை எடுக்கிற வேலைக்குப் போகிற சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். வேலை நாளில் இருமலும் நெஞ்சிறுக்கமும் வந்து, லீவு நாளில் தானாகக் குறைந்தால் அது தடிமன் இல்லை. அவிக்கும் ஆவியால் வருகிற இழுப்பாக இருக்கலாம், உலகத்தில் நண்டு ஆலைகள் இருக்கிற இடமெல்லாம் தெரிந்த வருத்தம். எந்த நாள் வந்தது, எந்த நாள் இல்லை என்று கலண்டரில் புள்ளி வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவிக்கும் இடத்தையும் சதை எடுக்கும் மேசையையும் தள்ளி வைக்கவும், ஜன்னலைத் திறந்து விடவும் மேற்பார்வையாளரைக் கேட்பது உங்கள் உரிமை.

36. இறால் உரித்தால் கை கடிக்கிறதா? முள் குத்திய காயத்தோடு உரிக்காதீர்கள், கையுறை போடுங்கள். இறாலை ஐஸ் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் ஓடு சுலபமாகக் கழன்று வேலை பாதியாகும்.

37. உரித்த தலையும் ஓடும் தென்னைக்கும் முருங்கைக்கும் நல்ல பசளை. ஒரு முழ ஆழத்தில் புதைத்து மேலே மண்ணை மிதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாயும் காகமும் முற்றமெல்லாம் இழுத்துப் போடும். இந்த வேலையைக் கிரந்தி உள்ள பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

38. இனி அவசர விஷயம். தடிப்போடு குரல் கரகரத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, தலை சுற்றி மயங்கினாலோ அது சாதாரணக் கிரந்தி இல்லை, உயிருக்கு ஆபத்து. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில் போடுவது. பிரிட்டோன் கடியைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது; அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

39. உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அம்புலன்ஸைவிட முச்சக்கரவண்டி கிட்ட இருந்தால், எது முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமோ அதில் ஏறுங்கள். தலைமன்னாரில் இருப்பவரும் விடத்தல்தீவில் இருப்பவரும் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இரவிலும் திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து, குசினிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

40. ஆளை நிமிர்த்தி நடக்க வைக்காதீர்கள். படுக்கவைத்து, காலடியில் தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து இருக்கட்டும், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். கொஞ்சம் சுகமானதும் எழும்பி நடந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது.

41. ஊசி போட்டுச் சுகமானாலும் வைத்தியர் விடும்வரை வாட்டில் இருங்கள். சில மணித்தியாலம் கழித்து இரண்டாம் தடவையும் வரலாம். "கடைசி பஸ் போய்விடும்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வராதீர்கள்.

42. தானே செலுத்துகிற அட்ரினலின் பேனா விலை கூடியது, எல்லாப் பாமசியிலும் இருக்காது. வைத்தியர் எழுதித் தந்தால் வெளிநாட்டு உறவினர் பெர்ஃபியூமுக்குப் பதிலாக அதை அனுப்பட்டும். திகதி முடிகிற மாதத்தைக் கலண்டரில் குறியுங்கள். வெயிலில் நிற்கிற வண்டிப் பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது, உறைபெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது. வீட்டில் நிழலான அலமாரி போதும்.

43. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பைக்குள் ஒரு அட்டை: பெயர், இறால் நண்டு கூடாது, வந்தால் என்ன செய்வது, வீட்டுப் போன் இலக்கம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். மடுத் திருவிழாவுக்குப் போனாலும் கொழும்புக்குச் சுற்றுலா போனாலும் உதவும். மேலே ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் மழைக்கும் வியர்வைக்கும் தாங்கும்.

44. "இப்போது போயிருக்குமா பார்ப்போம்" என்று வீட்டில் ஒரு துண்டு இறாலைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். இறால் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். கொடுத்துப் பார்ப்பதை ஊசியும் ஒட்சிசனும் பக்கத்தில் இருக்கிற வாட்டில், வைத்தியர் முன்னால் செய்வார்கள்.

45. கடைசியாகக் கூழ். ஒடியல் மாவும் மீனும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் போட்டு முழுக் கூழையும் இறால் இல்லாமல் காய்ச்சுங்கள். இறாலையும் நண்டையும் வேறு சட்டியில் மிளகாய் அரைத்த கூட்டோடு அவித்து வைத்து, வேண்டியவர்கள் தங்கள் பிளாவில் விட்டுக்கொள்ளட்டும். இறால் இல்லாத கூழுக்கு ருசி குறையாமலிருக்க, பாரைத் தலையைத் தணலில் வாட்டி, தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே மாவைக் கரையுங்கள். பழப்புளியை வழக்கத்தைவிட ஒரு கொட்டைப் பாக்களவு கூட்டி, இறக்குமுன் ஒரு பிடி முருங்கை இலை.